கண்ணாடிப் பெட்டியில் இயல்பு

அந்த ஊரில் யாருக்கும் மூளை சரியில்லை. இது வசவு அல்ல, ஆராய்ச்சி முடிவு. நான்கு தெருக்கள் சேரும் இடத்தில், பளிங்குப் படியும் சுழலும் கதவுமாக நிற்கிற மூளை ஆராய்ச்சி நிலையம், பல வருடம் பாடுபட்டு, வெளிநாட்டு அறிஞர்கள் கைதட்டக் கண்டுபிடித்துச் சொன்ன உண்மை அது. ஊர்க்காரர்கள் முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அதே கதிதான் என்று தெரிந்ததும் சமாதானமாகி, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பஸ்கள் ஓடின, கடைகள் திறந்தன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். மூளை சரியில்லாத ஊர் இவ்வளவு ஒழுங்காக நடக்கிறதே என்று நிலையத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தேகப்படுவதற்கென்று அங்கே தனிப் பிரிவு ஒன்று உண்டு. அதற்கு இன்னும் ஆள் போடவில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரும் இதைப் பற்றியெல்லாம் கவலைப்படாதவர்தான், தம்பி விஷயம் வரும்வரை.

மாஸ்டர் பொறுமைக்குப் பேர்போனவர். ஸ்டியரிங்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா, அது மரம்" என்று பதறாமல் சொல்கிற தொழிலில் பொறுமை இல்லாவிட்டால் ஒரு வாரம் தாங்க முடியாது. அவர் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து வலது கால் பழகிப்போய்விட்டது. எங்கே ஆபத்து என்று பட்டாலும், அது வங்கியாக இருந்தாலும் கல்யாண மண்டபமாக இருந்தாலும், கால் தானாகத் தரையை அழுத்தும். மனைவி கோபமாகப் பேச வாயைத் திறந்தால்கூட மேசைக்கு அடியில் அழுத்தும். அவளும் அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வார்த்தை கூடவே பேசுவாள்.

தம்பி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த குரல் அவனுடையது. சில வருடங்களுக்கு முன் அவனுக்கு வேறு குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மைக்கை அணைத்த பிறகும் அது அவனிடம் பேசியது. ரயில் விசில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. பெட்டிகள் போகும் வரிசையில் தனக்கு ஏதோ சேதி இருக்கிறது என்று அவன் தண்டவாளத்தை ஒட்டி நடக்கத் தொடங்கிய அன்று மாஸ்டர் ஓடிப்போய் இழுத்து வந்தார். மனச்சிதைவு என்றார் மருத்துவமனை டாக்டர். அதற்குப் பிறகு அண்ணனும் அண்ணியும் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒவ்வொரு மாத்திரையாக மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒன்று ஒத்துக்கொண்டது. குரல்கள் தணிந்தன, பிறகு போயே போய்விட்டன. போகும்போது வாய் வறட்சியையும் கையில் லேசான நடுக்கத்தையும் விட்டுவிட்டுப் போயின. "கை நடுங்கினா என்ன, மைக்குக்கு வாய்தானே வேணும்" என்று தம்பி சொன்னபோது அவன் பழையபடி ஆகிவிட்டான் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

ரயில்வே அலுவலகமும் நல்லபடியாகவே நடந்துகொண்டது. மாதக் கடைசி வரை அவன் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் வராவிட்டால் பதிவுசெய்த குரலில் ஓர் இயந்திரத்தைப் போட்டுவிடுவார்கள். டாக்டர் கொடுத்த சான்றிதழ் கையில் இருந்தது. ஆனால் புது விதி ஒன்று வந்திருந்தது. மனநோயிலிருந்து மீண்டவர் பொறுப்பான வேலைக்குத் திரும்ப வேண்டுமானால், மூளையில் சேதி கொண்டுபோகும் ரசாயனங்கள் இயல்பான அளவில் இருப்பதாக ஆராய்ச்சி நிலையம் சான்று தர வேண்டும்.

"போய் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடலாம்" என்றார் மாஸ்டர். பாவம்.

நிலையத்துக்குள் நுழைந்ததும் கூடத்தின் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே விளக்கு போட்டு, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு மூளையின் படம். காவலாளி இருவரையும் நிறுத்தினார்.

"கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க. பேசாதீங்க."

மாஸ்டர் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "யார் தவறிப்போனது?" என்று மெல்லக் கேட்டார்.

"யாரும் தவறலை. இயக்குநர் ஐயா மாடியிலதான் இருக்கார். இது அவரோட மூளை."

"மூளை இங்க இருந்தா, அவர் மாடியில எப்படி..."

"படம்யா! ஸ்கேன் படம்!"

காவலாளி இதைச் சொன்னபோதும், பதிவேட்டை நகர்த்தியபோதும், பேனாவைத் தேடியபோதும் இடது கையை மட்டுமே பயன்படுத்தினார். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அடிபட்டிருக்கும் போல என்று மாஸ்டர் நினைத்தார். மாடிப்படியில் எதிரே வந்த இரண்டு விஞ்ஞானிகளுக்கும் வலது கை பைக்குள் இருந்தது. அறை துடைக்கிறவர் துடைப்பானை இடது கையால் பிடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, பெரும்பாடு பட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊழியர்கள் எல்லாருடைய மார்பிலும் ஓர் எண் தொங்கியது. துடைக்கிறவர் ஐம்பத்திரண்டு.

தம்பிக்கு ஊசி போட்டு, ஸ்கேன் இயந்திரத்துக்குள் அனுப்பி, வெளியே எடுத்து, செயலர் அறைக்கு அனுப்பினார்கள். நிலையத்தின் நிர்வாகம் முழுக்க செயலர் கையில். அதாவது அவருடைய இடது கையில். அவர் மார்பில் தொண்ணூற்றாறு என்று பொன்னெழுத்தில் இருந்தது.

"உங்க தம்பிக்கு எழுபத்தொண்ணு. இயல்பு இல்லை" என்றார்.

"டாக்டர் நல்லாயிட்டான்னு எழுதிக் கொடுத்திருக்காரே சார்."

"டாக்டர் ஆளைப் பாக்கறார். நாங்க மூளையைப் பாக்கறோம். ஆள் நல்லா இருக்கறது வேற, மூளை நல்லா இருக்கறது வேற. ஆளைப் பாத்துச் சொல்றதுக்குப் பேர் ஜோசியம்."

"நல்லாப் பேசறான் சார், நல்லாத் தூங்கறான்..."

"அதெல்லாம் நடத்தை. நடத்தை ஏமாத்தும்." செயலர் தம்பியின் பக்கம் திரும்பினார். "இப்ப குரல் ஏதாவது கேக்குதா?"

"இல்ல சார். இனிமே மத்தவங்கதான் என் குரலைக் கேக்கணும்" என்று தம்பி சிரித்தான்.

செயலர் சிரிக்கவில்லை. 'தன் குரலை ஊரே கேட்க வேண்டும் என்று எண்ணுகிறார்' என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதிக்கொண்டார்.

"இப்ப நான் என்ன சார் செய்யணும்?"

"இயல்பாகணும்."

"எப்படி சார்?"

"அது சிகிச்சை. எங்க வேலை ஆராய்ச்சி. நீங்க ஆகிட்டு வாங்க, நாங்க அளந்து சொல்றோம்."

மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. செயலர் நிற்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தலைகால் புரியாமல் நடையில் நின்றிருந்தவர்களை ஒரு பெண் கூப்பிட்டார். அந்த நிலையத்தில் டோபமைனைப் பற்றி ஆராய்கிற விஞ்ஞானி அவர். ஸ்கேன் எடுத்ததும் அவர்தான். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, வலது கையைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு உதறு உதறிவிட்டு, காபி இயந்திரத்தில் மூன்று கோப்பை பிடித்துக் கொடுத்தார்.

"மூளையில ஒரு செல் இன்னொரு செல்லைத் தொட்டுப் பேசாது. நடுவுல பொடி இடைவெளி இருக்கும். இந்தப் பக்கத்துலேர்ந்து டோபமைன் மாதிரி ஒரு ரசாயனம் தாண்டிப் போய் சேதி சொல்லும். சில இடத்துல அது கூடிப்போச்சுன்னா ஒண்ணுமில்லாத விஷயம்கூட ரொம்ப முக்கியமாத் தெரியும். தெருவுல போறவன் இருமினா எனக்காகத்தான் இருமினான்னு தோணும். உங்க மாத்திரை அந்தப் பக்கத்து வாசலைக் கொஞ்சம் சாத்தி வைக்குது."

"ஆமாங்க" என்றான் தம்பி. "அப்ப விசில் என்னைக் கூப்பிட்டுச்சு. இப்ப டிரைவர் விசில் அடிக்கிறார், அவ்வளவுதான்."

"அப்ப ஸ்கேன்ல பாத்து, இவனுக்கு வியாதி இருக்கு, இல்லைன்னு சொல்லிட முடியுமாம்மா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"முடியாது. நிறையப் பேரைச் சேத்து வெச்சு சராசரி பாத்தா வித்தியாசம் தெரியும். தனி ஆளை நிறுத்தி வெச்சு, ஒரு எண்ணைப் பாத்து, இவர் இப்படின்னு சொல்ல முடியாது. அதைத்தான் நான் கட்டுரையா எழுதினேன்."

"என்ன சொன்னாங்க?"

"என்னை ஸ்கேன் பண்ணாங்க. அறுபத்தொண்ணு வந்துச்சு. அறுபத்தொண்ணு எழுதின கட்டுரையை எப்படி நம்பறதுன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க."

மாஸ்டர் காபியை ஒரு வாய் குடித்தார். மனதில் கிடந்து உறுத்தியதைக் கேட்டார். "எழுபத்தொண்ணு, அறுபத்தொண்ணுன்னா, நூறு யாரு?"

விஞ்ஞானி கீழே கூடத்தைக் காட்டினார்.

அந்தக் கதை நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெருமையாகவே சொல்வார்கள். முதல் ஸ்கேன் இயந்திரம் வந்தபோது, நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் பல பேர் தேவைப்பட்டார்கள். 'இங்கே என்னைவிட இயல்பானவர் யாராவது இருக்கிறீர்களா?' என்று இயக்குநர் கேட்டார். சம்பளம் வாங்குகிற ஒருவரும் கையைத் தூக்கவில்லை. ஆகவே அவர் ஒருவரே உள்ளே போய்ப் படுத்தார். அவருடைய அளவுக்கு நூறு என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அளந்து பார்த்த அத்தனை பேரும் அவரைப் போல இல்லை. ஊரில் இவ்வளவு பேருக்கு மூளைக் கோளாறா என்று உலகமே வாயைப் பிளந்தது. நிலையத்துக்கு மாடி மேல் மாடியாக ஏறியது.

"அந்தக் கை?" என்று தம்பி கேட்டான்.

"ஐயா எப்பவும் வலது கையைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் நிப்பார். அவரை மாதிரி நின்னா மூளையும் அவரை மாதிரி ஆகும்னு செயலருக்கு ஒரு நம்பிக்கை. அவருக்கு ரெண்டு எண் ஏறிச்சாம். அன்னைலேர்ந்து எல்லாருக்கும் கட்டாயம்."

 தம்பி தன்னுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டான். காபி கோப்பையில் லேசாக அலை அடித்துக்கொண்டிருந்தது.

மேல்முறையீடு செய்தார்கள். நோய் பரம்பரையாக வரலாம், ஆகவே குடும்பத்தையே அளக்க வேண்டும் என்று பதில் வந்தது. மாஸ்டர் போனார். மாஸ்டர் மனைவியும், நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். மாஸ்டருக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கு நாற்பத்து மூன்று.

"உங்க வீட்டுல இயல்புக்குப் பக்கத்துல இருக்கறது உங்க தம்பிதான்" என்றார் செயலர். "நீங்க ரெண்டு பேரும் அவர் கண்காணிப்புல இருக்கறது நல்லது."

"அப்ப அவனுக்குச் சான்றிதழ் கொடுத்துடுங்களேன் சார்!"

"பக்கத்துல இருக்கறது வேற, இருக்கறது வேற."

மாஸ்டர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நாப்பத்து மூணா? இந்த மூளையை வெச்சுக்கிட்டுத்தான் இந்த மனுஷனோட இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். நூறு இருந்திருந்தா கல்யாணமான மறுநாளே ஓடிப்போயிருப்பேன். உங்க வீட்டுக்காரம்மாவுக்கு எவ்வளவு?"

செயலர் முகம் கறுத்தது. "அவங்க அளக்க வர மாட்டேன்னுட்டாங்க" என்றார்.

மாதம் கடைசியை நெருங்கியது. ரயில் நிலையத்தில் பதிவுக்குரல் இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அது, போய்ச் சேர்ந்துவிட்ட வண்டியைச் சிறிது நேரத்தில் வரும் என்று இனிமையாகச் சொன்னது. ஆனாலும் அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. வீட்டில் தம்பி சமையலறையில் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பான். அண்ணன் வருவது தெரிந்தால் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிடுவான். மாஸ்டர் பார்க்காதது போல அப்பால் போய்விடுவார். வேலை போனால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் குரலைத் திருப்பி வாங்க அவன் எவ்வளவு பாடுபட்டான் என்று அவருக்குத்தான் தெரியும். வேலையும் இல்லை, நம்பிக்கையும் இல்லை என்றால் தம்பி மறுபடியும் தண்டவாளம் பக்கம் போய்விடுவானோ என்பதுதான் அவர் பயம்.

அந்த நிலையில்தான் செயலர் கூப்பிட்டு அனுப்பினார். இயக்குநர் முதன்முதலில் ஸ்கேனில் படுத்த நாளை நிலையத்தில் ஒவ்வொரு வருடமும் 'இயல்பு நாள்' என்று கொண்டாடுவார்கள். அன்று விழா மேடைக்குத் தம்பி வந்தால், மனுவை இயக்குநர் நேரில் பார்ப்பார். "நீங்க சும்மா நோயாளியா வந்தாப் போதும்" என்றார் செயலர்.

விழா அரங்கில் வலது கைகள் எல்லாம் பைக்குள் இருந்ததால் கைதட்டல் ஒரு தினுசாக இருந்தது. இடது கையால் தொடையில் தட்டினார்கள். இயக்குநர் எழுந்தார். உயரமான மனிதர், நரைத்த தலை, வலது கை பைக்குள். அச்சடித்த மாதிரிப் பேசினார்.

"இயல்பு என்பது என்ன என்று தத்துவவாதிகள் ஆயிரம் வருடமாகத் தேடினார்கள். தேடியவர்களில் ஒருவரும் என்னைச் சந்திக்கவில்லை. இயல்பு என்பது நான். இதை அகந்தையில் சொல்லவில்லை, அளந்து பார்த்துச் சொல்கிறேன். ஊரில் நோயாளிகள் பெருகிவிட்டார்கள் என்று சிலர் வருந்துகிறார்கள். நான் வருந்தவில்லை. அவர்கள் பெருகாமல் இந்தக் கட்டடம் எப்படி உயர்ந்திருக்கும்? மனச்சிதைவு உள்ளவர்கள் மீது எனக்கு மிகுந்த அன்பு உண்டு. அந்த அன்பினால்தான் அவர்களை எந்தப் பொறுப்பிலும் உட்கார வைக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தேன்."

தொடைகள் தட்டப்பட்டன. இயக்குநர் உட்காரப் போனார். செயலர் விடவில்லை. ஓடிப்போய் மேடையின் பின்திரையை இழுத்தார். பளபளவென்று புது ஸ்கேன் இயந்திரம் ஒன்று அங்கே நின்றது.

"ஐயாவே தேர்ந்தெடுத்த இயந்திரம்! ஐயாவுக்குத் தெரியாமல் இன்று ஓர் ஆனந்த அதிர்ச்சி! இதில் முதலில் படுக்கப்போவது நம் ஐயா! பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நோயாளி!"

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. "இன்னைக்கு வேண்டாம். இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார்.

"என்ன அடக்கம்!" என்று கூவினார் செயலர். அரங்கமே எழுந்து நின்று தொடையைத் தட்டியது. மறுக்க வழியில்லை. இயக்குநர் இடது கையை ஊசிக்கு நீட்டினார். அவர் படுத்து எழுந்த பிறகு தம்பியும் படுத்து எழுந்தான். விஞ்ஞானிதான் இயந்திரத்தை ஓட்டினார். பெரிய திரையில் இரண்டு மூளைகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. சிவப்பாக இருக்க வேண்டிய நடுப்பகுதி இரண்டிலும் ஒரே அளவுக்கு மங்கியிருந்தது. விஞ்ஞானி எத்தனையோ மூளைகளைப் பார்த்தவர். வலது கை பைக்குள் இருக்க வேண்டும் என்பதையே மறந்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி திரையைப் பார்க்கவில்லை. இயக்குநரின் கால்சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். படங்களுக்குக் கீழே எண்கள் வந்தன. நோயாளி, எழுபத்தொன்று. இயக்குநர், எழுபத்தொன்று.

இயக்குநரே இயக்குநரைப் போல இல்லை. தொடை தட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றன.

செயலருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு மேடையிலேயே அவசரக் குழுவைக் கூட்டினார். தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். இயந்திரம் தவறாக இருக்க முடியாது, அதைத் தேர்ந்தெடுத்தவர் இயக்குநர். இயக்குநர் தவறாக இருக்க முடியாது, அவர் இயக்குநர். ஆகவே மாறியிருப்பது இயல்புதான். இன்று முதல் எழுபத்தொன்றே நூறு என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. தொண்ணூற்றாறு எண் மாட்டியிருந்த செயலர் அதைத் தானே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாஸ்டர் துள்ளி எழுந்தார். "அப்ப என் தம்பியும் நூறுதானே! சான்றிதழ் கொடுங்க!"

"சான்றிதழா?" செயலர் கோபித்துக்கொண்டார். "இந்த ஊர்ல ஐயாவுக்கு அப்புறம் இயல்பான ஆள் இவர் ஒருத்தர்தான். இவரைப் போய் ரயில் நிலையத்துக்கு அனுப்பறதா? புகை, சத்தம், தூசி! இயல்பு கெட்டுப்போச்சுன்னா யார் பொறுப்பு? மேல் மாடியில ஏசி அறை ஒதுக்கறோம். இனிமே இவர் எங்கேயும் போக வேண்டியதில்லை."

சரியில்லை என்று வேலைக்கு விடாதவர்கள், இப்போது சரி என்று விட மறுத்தார்கள். மாஸ்டரின் கால் தரையை அழுத்திய அழுத்தில் செருப்பு வார் அறுந்தது. வாழ்நாளில் யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர், "என்னய்யா விளையாடறீங்களா? அவன் மனுஷன்யா!" என்று கத்தினார். இயக்குநர் அதற்குள் மேடையை விட்டுப் போயிருந்தார். மாஸ்டர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு மாடி ஏறினார். இயக்குநரின் அறைக் கதவை விஞ்ஞானி திறந்துவிட்டு, வெளியே காவலுக்கு நிற்பவர் போல நின்றுகொண்டார்.

இயக்குநர் மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். வலது கை மேசை மேல் இருந்தது. தானாக ஆடிக்கொண்டிருந்தது. இவர்களைக் கண்டதும் அவசரமாகப் பைக்குள் விடப் பார்த்தார். பை கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை.

"இருக்கட்டும் சார்" என்றான் தம்பி. "உள்ள வெச்சா இன்னும் கொஞ்சம் ஆடும். எனக்கும் அப்படித்தான்." தன் கையை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே தாளத்தில் ஆடின.

தம்பி அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

"மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடறீங்களா, அப்புறமா?"

"அப்புறம்" என்றார் இயக்குநர், மிக மெதுவாக.

"நானும் அப்படித்தான். வாய் காயுமே?"

"ரொம்பக் காயுது."

"தண்ணி நிறையக் குடிங்க சார். கூச்சப்படாதீங்க."

ஒரே மாத்திரை, அதனால்தான் ஒரே எண் என்று மாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. கோபத்தோடு ஏறி வந்தவருக்கு அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "எப்பலேர்ந்து சார்?" என்று கேட்டார்.

"கீழ அந்தக் கண்ணாடிப் பெட்டி வெச்ச வருஷம்" என்றார் இயக்குநர். "தனியா இருக்கும்போது அந்தப் படம் என்கிட்ட பேச ஆரம்பிச்சுது. நீ நான் இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. வெளியூர்ல ஒரு டாக்டரைப் பாத்தேன். மாத்திரை போட்டதும் நின்னுடுச்சு. இத்தனை வருஷமா வேலை பாக்கறேன், ஒரு தப்பு செஞ்சதில்லை."

"அதைத்தானே சார் என் தம்பியும் சொல்றான்! மாத்திரை போடறேன், வேலை பாக்கறேன்னு! நீங்க இதை வெளியில சொல்லியிருந்தா எத்தனை பேருக்கு..."

"எப்படிச் சொல்றது? தெரிஞ்சா என்னை இந்த நாற்காலியில உக்கார விடுவாங்களா? விதி ரொம்பக் கடுமையா இருக்கு." விதியை வேறு யாரோ கொண்டுவந்த மாதிரி வருத்தமாகச் சொன்னார்.

தம்பி இயக்குநர் கையெழுத்துக்காகக் கொண்டுவந்திருந்த சான்றிதழ்த் தாளை மேசை மேல் வைத்தான். பேனா ஓரிடத்தில் நிற்கவில்லை. தாள் நகராமல் தம்பி ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். கையெழுத்து மலையும் பள்ளமுமாக விழுந்தது. ஆனால் விழுந்தது.

"வெளியில..." என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"நான் வண்டி வர்றதையும் போறதையும் மட்டும்தான் சார் அறிவிப்பேன்" என்றான் தம்பி.

மறுவாரம் அவன் குரல் ரயில் நிலையத்தில் கேட்டது. அன்று மாஸ்டர் மனைவி எந்த ஊருக்கும் போக வேண்டிய வேலை இல்லாமலே நடைமேடையில் உட்கார்ந்து, வந்த வண்டி போன வண்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்தாள்.

நிலையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் புதுப் படம் மாட்டினார்கள். இயக்குநர் மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில் தோன்றியது. மூன்றாம் நாள் செயலர் கையில் ஒன்று இருந்தது. அதற்கடுத்த வாரம் ஊழியர்கள் எல்லாருக்கும் கட்டாயம். வலது கை பைக்குள், இடது கையில் பாட்டில் என்றாகிவிட்டதால் கதவைத் திறக்க ஆள் இல்லை. தண்ணீரும் இயல்பும் என்று ஒரு கட்டுரை வெளிநாட்டில் பரிசு வாங்கியது. புது அளவில் நூறைத் தாண்டிப்போன செயலர் மட்டும் ஒருநாள் அறிவிப்பாளர் அறைக்கே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அந்த மாத்திரைக்கு என்ன பேர் என்று கெஞ்சினார்.

"டாக்டரைப் பாருங்க சார். ஆனா வியாதி இருந்தாத்தான் தருவார்."

"சரி, வியாதிக்கு எங்க விண்ணப்பிக்கணும்?" என்றார் செயலர்.

இதையெல்லாம் தம்பி சொல்லச் சொல்ல மாஸ்டர் வயிறு வலிக்கச் சிரித்தார். ஆனால் மாணவர்களோடு நிலையத்து வழியாகப் போகும்போது சிரிப்பு வராது. பளிங்குப் படியில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட டீச்சராக இருந்து, நோய் வந்து குணமான ஒரு பெண், தன் அம்மாவோடு மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தாள். பழைய அளவில் அவளுக்கு எண்பத்தொன்பது. புது அளவில் அது நூறைத் தாண்டி, வேறு பக்கத்துக் கோளாறாகிவிட்டதாம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க மாஸ்டருக்குத் தாங்காது. நம் வீட்டு வேலை முடிந்தது என்று வந்துவிட்டோமே என்று மனம் குத்தும்.

ஒருநாள் தம்பிக்குச் சாப்பாடு கொடுக்க ரயில் நிலையம் போனவர், நடைமேடைக் கோடியில் இயக்குநரைப் பார்த்தார். மாத்திரை வாங்க வெளியூர் போகிறார் என்று புரிந்தது. தெரிந்தவர் யாரும் இல்லாததால் வலது கையை வெளியே விட்டிருந்தார். அது காற்றாட ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டரைக் கண்டதும் பையைத் தேடியது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

மாஸ்டர் பக்கத்தில் போய் நின்றார். "சார், அந்த டீச்சர் பொண்ணு இன்னும் படியிலதான் உக்காந்திருக்கு."

"தெரியும். பாவம்."

"அந்த விதியை எடுத்துடலாமே சார்?"

"எடுக்க வேண்டியதுதான். நியாயமே இல்லாத விதி" என்றார் இயக்குநர் மனப்பூர்வமாக. "ஆனா அதுக்குக் குழு கூடணுமே."

"எப்பக் கூடும்?"

"தலைவர் கூட்டினாக் கூடும்."

"தலைவர் யாரு சார்?"

இயக்குநர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். மேலே ஒலிபெருக்கியில் தம்பியின் குரல், வண்டி தாமதமின்றி வந்துகொண்டிருக்கிறது என்று தெளிவாக, பிசிறில்லாமல் சொன்னது. இருவரும் அது முடியும்வரை கேட்டார்கள்.

"நான்தான்" என்றார் இயக்குநர்.

வண்டி வந்தது. அவர் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். மாஸ்டர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அது தரையை அழுத்தவில்லை. அசையாமல் நிற்கிற வண்டிக்குப் பிரேக் எதற்கு? இப்போது வேண்டியது ஆக்சிலரேட்டர். பக்கத்து சீட்டுக்காரருக்கு அதை யாரும் வைத்துக் கொடுப்பதில்லை. அது ஓட்டுகிறவர் காலடியில்தான் இருக்கிறது.